பூட்டிய வால்வும் அறுந்த தாளும்

அந்த வால்வுக்கு நான்தான் பூட்டுப் போட்டேன்.

மன்னார்குடி கடைத்தெருவில் வாங்கிய சைக்கிள் பூட்டுச் சங்கிலி. முழுக்கத் திறந்து வைத்த வால்வின் கைச்சக்கரத்துக்குள் விட்டு, பக்கத்துக் குழாயோடு சேர்த்துச் சுற்றிப் பூட்டிவிட்டுச் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். மேலே எங்கிருந்தோ கூழ்த் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தோள் நனைந்து, துப்பட்டாவில் அவித்த வைக்கோல் வாடை ஏறியிருந்தது.

பக்கத்தில் சேகர் நின்றிருந்தார். மதிய ஷிஃப்டுக்குப் புதிதாக வந்த ஆபரேட்டர். அதுவரை அந்த இடத்தில் இருந்த கலியமூர்த்தியை, என் அறிக்கையின் பேரில், இரண்டு வாரத்துக்கு முன்பு சஸ்பெண்ட் செய்திருந்தார்கள்.

"இனிமே யாரும் இதுல கை வைக்க முடியாது," என்றேன்.

"சரிங்க மேடம்," என்றார் சேகர்.

அன்று மதியம் மூன்று மணிவாக்கில் காகித இயந்திரத்தில் தாள் அறுந்தது. மறுபடி ஏற்றி ஓட்டினார்கள். அரை மணியில் மறுபடி அறுந்தது. ஆறு மணிக்குள் எத்தனை முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். உலர்த்தும் உருளைகளுக்குக் கீழே ஈரத் தாள் மடிமடியாகக் குவிந்து கிடக்க, ஆட்கள் அதைக் கையால் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாவி என் பையில். பூட்டு பூட்டியபடி இருக்கிறது. கலியமூர்த்தி தன் வீட்டில் இருக்கிறார்.

அப்படியானால் தாளை யார் அறுக்கிறார்கள்?

கணினிக்குள் ஓர் ஆலை

சென்னை வேலையை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் வந்த கதையை இந்தத் தொடரில் சென்ற வாரம் எழுதியிருந்தேன். வந்து சேர்ந்தது இந்தக் காகித ஆலையில். வைக்கோலையும் பழைய அட்டைப்பெட்டிகளையும் கூழாக்கி, புது அட்டைப்பெட்டிக்கான பழுப்புத் தாள் செய்கிற நடுத்தர ஆலை.

என் வேலையைச் சொன்னால் குத்தாலத்தில் அப்பாவுக்கே புரியாது. "வைக்கோல பேப்பராக்க கம்ப்யூட்டர் எதுக்கும்மா?" என்பார்.

ஆலையில் இருக்கும் ஒவ்வொரு தொட்டிக்கும், குழாய்க்கும், உருளைக்கும் கணினியில் ஒரு கணக்கு எழுதுவோம். எல்லாக் கணக்கும் சேர்ந்து ஓடினால் அதுவே ஓர் ஆலை. இந்த வால்வைத் திறந்தால் அரை நிமிடம் கழித்துத் தாள் எப்படி வரும் என்று நிஜ ஆலையைத் தொடாமலே அது சொல்லிவிடும். அது சரியாகச் சொல்லத் தொடங்கிய பிறகு, நிஜ ஆலையின் வால்வுகளையே அதன் பொறுப்பில் விடலாம். இதை நாங்கள் மாடல் என்போம்.

ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் இருந்த பத்து வருடங்களில், கடல் தாண்டிய நாடுகளின் காகித ஆலைகளுக்கு மாடல் எழுதியிருக்கிறேன். ஆனால் ஓடுகிற காகித இயந்திரத்தை ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. இங்கே முதல்முறை பார்த்தபோது, "இவ்வளவு தண்ணியா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

கூழ் என்றால் கஞ்சி மாதிரி கெட்டியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வந்தது ஏறக்குறைய வெறும் தண்ணீர், கொஞ்சம் கலங்கலாக. அது ஓடுகிற வலைமேல் விழுந்து, தண்ணீர் வடிய வடிய நார் மட்டும் தங்கித் தாளாகிறது. அப்போது பக்கத்தில் நின்று சிரித்தவர் கலியமூர்த்தி.

"தண்ணி வடியறதுதான் மேடம் பேப்பரே," என்றார். அதைச் சிரிப்போடு சிரிப்பாகக் கேட்டுவிட்டு மறந்துபோனேன்.

அவருக்கு என் வயதுதான் இருக்கும். பாலிடெக்னிக் படித்தவர். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போய் அவரைப் படிக்க வைத்தார்கள். இப்போது அவரே கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்தார். காலையில் வயலைப் பார்க்க வேண்டும் என்பதால் எப்போதும் மதிய ஷிஃப்டையே கேட்டு வாங்கிக்கொள்வார். மற்றவர்களுக்கும் அது வசதி. எவருக்கும் மதிய ஷிஃப்ட் பிடிக்காது.

மதியம் மட்டும்

மாடல் பல மாதங்கள் நன்றாக ஓடியது. அதை நம்பி வால்வுகளை அதன் பொறுப்பில் விட்டோம். "கணினிக் கட்டுப்பாட்டில் இருக்கும்போது எவரும் கையால் வால்வுகளை இயக்கக் கூடாது" என்று ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். எழுதிக் கொடுத்தது நான்.

அறுவடை முடிகிற சமயம், பருவம் தப்பி ஒரு மழை பெய்தது. அதன் பிறகுதான் தாள் அறுபடத் தொடங்கியது. காலையில் ஒழுங்காக ஓடும். மதியம் ஷிஃப்ட் மாறிய பிறகு அறுபடும். இரவு ஷிஃப்ட் வந்ததும் மறுபடி ஒழுங்காக ஓடும்.

நான் மாடலில் தேடினேன். மதிய நேரங்களில் மட்டும் ஒரு வித்தியாசம் தெரிந்தது. கூழோடு சேர்க்க இவ்வளவு தண்ணீர் விடு என்று கணினி சொல்கிறது. அவ்வளவு தண்ணீர் போய்ச் சேரவில்லை. குழாய் அடைப்பு என்றால் மூன்று ஷிஃப்டிலும் இருக்க வேண்டும். மதியம் மட்டும் அடைத்துக்கொள்ளும் குழாய் எங்காவது உண்டா? அதே குழாயில் கைவால்வு ஒன்று இருந்தது. யாரோ அதைச் சாத்துகிறார்கள்.

இதை எழுதிக் கொடுத்தேன். கலியமூர்த்தியின் பெயரை எழுதவில்லை. "பதிவு செய்யப்படாத மனிதத் தலையீடு, மதிய ஷிஃப்டில்" என்று எழுதினேன். மதிய ஷிஃப்டில் யார் இருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

விசாரணையில் என்னையும் உட்கார வைத்தார்கள். கலியமூர்த்தி நின்றுகொண்டிருந்தார்.

"வால்வ தொட்டியா?" என்றார் ஜி.எம்.

"தொடல சார்."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா அப்ப?"

கலியமூர்த்தி என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன். அதில் வரைபடம் மிகத் தெளிவாக இருந்தது. எனக்குக் கோபம்கூட வந்தது, இவ்வளவு தெளிவாக இருக்கும்போது எதற்காக இல்லை என்கிறார் என்று.

அவரை அனுப்பிய பிறகு ஒரு வாரம் தாள் அறுபடவே இல்லை. ஜி.எம். என்னை அழைத்துக் கை கொடுத்தார். வீட்டுக்குப் போகிற வழியில் நானே இனிப்பு வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு மறுபடி அறுபடத் தொடங்கியது. சேகரும் கைவைக்கிறாரோ என்று சந்தேகப்பட்டுத்தான் அந்தப் பூட்டு.

நசீமாவின் நோட்டு

பூட்டியும் அறுந்த மறுநாள் காலை, எங்கே போவதென்று தெரியாமல் லேபுக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கே நசீமா, கூழைச் சோதித்துக்கொண்டிருந்தாள். திருவாரூரில் படித்துவிட்டு வந்த பெண். அதிர்ந்து பேச மாட்டாள்.

வலைபோட்ட ஒரு பாத்திரத்தில் கூழை ஊற்றிவிட்டு, தண்ணீர் வடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வடியவே மாட்டேன் என்றது அது. கீழே இருந்த குடுவையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"இது என்ன நசீமா, இவ்வளவு நேரம் ஆகுது?"

"எஸ்.ஆர். டெஸ்ட் மேடம். இப்பல்லாம் இப்படித்தான் ஆகுது."

"இப்பல்லாம்னா?"

அவள் ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தாள். தேதிவாரியாக, ஷிஃப்ட்வாரியாக, நீல மையில். கூழிலிருந்து தண்ணீர் எவ்வளவு சிரமப்பட்டு வடிகிறது என்பதைக் காட்டும் எண். மழைக்கு முன்பு ஒரே மாதிரி இருந்திருக்கிறது. மழைக்குப் பிறகு, மதிய ஷிஃப்டில் மட்டும் ஏறியிருக்கிறது. கலியமூர்த்தியை அனுப்பிய வாரத்தில் பழையபடி இறங்கியிருக்கிறது. அப்புறம் மறுபடி ஏறியிருக்கிறது.

நோட்டைத் திருப்பி அவள் பக்கம் காட்டினேன்.

"இத ஏன் கம்ப்யூட்டர்ல ஏத்தல?"

நசீமா கொஞ்சம் தயங்கினாள். "நீங்கதான் மேடம் அந்தக் கட்டம் வேணாம்னு சொன்னீங்க."

சொல்லியிருந்தேன். மாடல் எழுதிய காலத்தில் அந்த எண் மாதக்கணக்கில் மாறவே இல்லை. மாறாத எண்ணுக்கு ஒரு கட்டம் எதற்கு என்று நானே நீக்கினேன். பதிவேற்ற வேண்டாம் என்று அவளிடம் சொன்னதும் நானே. பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று அவள் நோட்டில் மட்டும் எழுதி வந்திருக்கிறாள்.

"வைக்கோல் மாறியிருக்கா?" என்று கேட்டேன்.

"அது யார்டுல கேட்டாத் தெரியும் மேடம்."

வைக்கோல் வண்டிகள் இறங்கும் யார்டில் கேட்டேன். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வரும் வைக்கோல் கட்டுகள், வயலிலேயே மழையில் ஊறிப்போனவை, காலையில் வந்து இறங்குகின்றன. ஈரக்கட்டை அடுக்கி வைத்தால் சூடேறி வீணாகும் என்பதால் இறங்கியதும் நேராக வெட்டப் போய்விடுகின்றன. வெந்து, கழுவி, கூழாகி இயந்திரத்துக்கு வரும்போது மதியம் தாண்டிவிடும். மீதி நேரமெல்லாம் போரில் இருக்கும் காய்ந்த வைக்கோல்.

"நடுவுல ஒரு வாரம் நல்லா ஓடுச்சே?"

"அந்த வாரம் அவங்க வண்டி வரலங்க. ஏஜென்டு வீட்டுல கல்யாணம்," என்றார் யார்டு மேஸ்திரி.

ஒரு கல்யாணம். அதற்காகத்தான் ஜி.எம். எனக்குக் கை கொடுத்திருக்கிறார்.

ஊறி அழுகிய வைக்கோலில் நார் நொய்ந்து தூளாகி, தாளிலிருந்து தண்ணீர் வடிய விடாமல் அடைத்துக்கொள்கிறது. ஈரமான தாள் அறுகிறது. கலியமூர்த்தி இருந்தாலும் அறும், சேகர் இருந்தாலும் அறும். அதுவரை புரிந்துவிட்டது. ஆனால் கைவால்வு? கணினி சொன்ன தண்ணீர் போய்ச் சேரவில்லையே, அது மட்டும் பொய்யா? சேகர் காலத்துப் பதிவுகளைப் பார்த்தேன். சொன்ன தண்ணீர் சொன்னபடி போயிருந்தது. தாள் முன்னைவிட அதிகமாக அறுந்திருந்தது. கைவால்வுக் கணக்கிலும் நான்தான் எங்கோ தப்பு செய்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலையே போய்ச் சங்கிலியைக் கழற்றினேன். கழற்றியதும் சரியா என்று தெரியவில்லை.

பிளாஸ்டிக் நாற்காலி

கலியமூர்த்தியின் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, வாய்க்கால் கரையை ஒட்டி. ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டியில் போனேன். காங்கிரீட் போட்ட சின்ன வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார்.

"மில்லுலேருந்து வரேங்க," என்றேன்.

"தம்பி உளுந்துக்கு மருந்தடிக்கப் போயிருக்கு. இப்ப வந்துடும். உக்காரும்மா." எழுந்து நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். "எந்த ஊரும்மா?"

"குத்தாலம் பக்கங்க."

"நெலம் இருக்கோ?"

"கொஞ்சம் இருக்குங்க."

பக்கத்திலேயே இன்னொரு நாற்காலி இருந்தது. அவர் அதில் உட்காரவில்லை. "நீங்களும் உக்காருங்கம்மா" என்று இரண்டு முறை சொன்னேன். "இருக்கட்டும்" என்று நின்றார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை.

கலியமூர்த்தி சேற்றுக் காலோடு வந்தார். என்னைப் பார்த்துவிட்டு, முதலில் அம்மாவிடம்தான் பேசினார். "உக்காரு நீ." குரல் கடுமையாக இருந்தது. அந்த அம்மா உட்கார்ந்தார். அதன் பிறகே என் பக்கம் திரும்பி, "வாங்க மேடம்," என்றார்.

பெயரை எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா? அந்த ஷிஃப்டில் எங்கள் சாதிக்காரர் ஒருவர் இருந்திருந்தால், அறிக்கை கொடுப்பதற்கு முன் ஒருமுறை கேட்டிருப்பேனோ? அந்தக் கேள்வி முதல்முறையாக அங்கே வைத்துத்தான் வந்தது. பதில் எனக்கு இப்போதும் பிடிபடவில்லை.

நசீமாவின் நோட்டைப் பற்றிச் சொன்னேன். ஈர வைக்கோல், நான் நீக்கிய கட்டம், பூட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "உங்க மேல தப்பில்ல. நான்தான் தப்பா எழுதிட்டேன். மறுபடி எழுதிக் குடுக்கப் போறேன்," என்றேன்.

அவர் துண்டால் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் தொட்டேன் மேடம்," என்றார்.

"என்ன?"

"வால்வ. தெனமும் தொட்டேன். தாள் ஈரமா வருது. கை வச்சா தெரியுது. ஸ்கிரீன்ல எல்லாம் பச்சையா இருக்கு. வடியல, வடியலன்னு தாள் கெஞ்சுது, கம்ப்யூட்டர் கூழு கெட்டியா இருக்குன்னு நெனச்சு மேல மேல தண்ணி விடுது. கீழ போயி ஒரு சுத்து சாத்துனேன். தாள் அறுபடாம நின்னுச்சு."

"விசாரணைல தொடலன்னு சொன்னீங்களே?"

"தொட்டேன்னு சொன்னா அதோட முடிச்சிருப்பாங்க. ஏன் தொட்டேன்னு யாரு கேப்பா? நீங்களும் அங்கதான் உக்காந்திருந்தீங்க. நீங்க கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

"சூப்பர்வைசர்ட்ட சொன்னேன், கூழு சரியில்லன்னு. கம்ப்யூட்டர் பாத்துக்கும், நீ சுற்றறிக்கைய படின்னுட்டாரு."

நான் வந்தது ஒரு நிரபராதியிடம் மன்னிப்புக் கேட்க. இப்போது என் அறிக்கையில் எழுதியது உண்மை என்கிறார். அது உண்மையாக இருந்தும் தப்பாக இருந்தது. இதை எந்த வார்த்தையில் எழுதுவது?

"நீங்க தொட்டத நான் எழுதாம விட்டுடறேன்," என்றேன். "வைக்கோல் விஷயம் மட்டும் எழுதுறேன். அதுவே போதும்."

அவருடைய அம்மா உடனே, "ஆமாம்மா, அப்படியே செய்யி," என்றார்.

கலியமூர்த்தி தலையை ஆட்டினார். "அப்புறம் மழைக்கப்புறம் ஈரக்கட்டு வந்த நாள்ல தாள் ஓடுனதே, அது எப்படி ஓடுச்சு? தானா ஓடுச்சா? எழுதுங்க மேடம். தொட்டேன்னு எழுதுங்க. எதுக்குத் தொட்டேன்னும் எழுதுங்க."

"எழுதுனா வேலை போயிடுமாடா?" என்றார் அம்மா.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். போகுமா, போகாதா, எனக்குத் தெரியாது.

மறுபடியும் அறிக்கை

அந்தக் கட்டத்தை மாடலில் திரும்பச் சேர்த்தேன். நசீமாவின் நோட்டிலிருந்து எல்லா எண்களையும் ஏற்றி, மழைக்குப் பிறகான நாட்களைக் கணினிக்குள் ஒவ்வொன்றாக மறுபடி ஓட்டினேன். கலியமூர்த்தி செய்தது சரி என்று அது சொல்லும் என எதிர்பார்த்தேன். சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்றுகூட எழுதலாம்.

அது இரண்டு விதமாகவும் சொன்னது. பெரும்பாலான நாட்களில் அவர் சாத்தியதால் தாள் தப்பியிருக்கிறது. சில நாட்களில், அவர் சாத்த, அது தெரியாத கணினி இன்னும் திறக்க, மறுபடி அவர் சாத்த, இப்படி இழுபறியில் தாள் அறுந்திருக்கிறது. அந்தச் சில நாட்களுக்கு அவர் காரணமா, நான் காரணமா? திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மாடலுக்கு அந்தக் கேள்வி புரியாது.

எல்லாவற்றையும் எழுதினேன். கட்டத்தை நீக்கியது நான் என்பதை முதல் வரியில் வைத்தேன்.

ஜி.எம். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா இது? மொதல்ல குடுத்த ரிப்போர்ட்டும் நீங்கதான். இதுவும் நீங்கதான். நான் எத நம்புறது?"

"ரெண்டும் நெசந்தான் சார். மொதல்ல குடுத்தது பாதி."

"அவன் தொட்டிருக்கான்ல?"

"தொட்டிருக்காரு சார். தொடாம இருந்திருந்தா இன்னும் நஷ்டம். பூட்டுப் போட்ட அன்னிக்குப் பாத்தீங்களே."

"தொடக் கூடாதுன்னு எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

அவர் சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா என்று தெரியவில்லை. "போயி வேலையப் பாருங்க," என்றார்.

இரண்டு கடிதங்கள்

ஒரு மாதம் போலக் கழித்து, கலியமூர்த்தியை வேலைக்குத் திரும்ப அழைத்தார்கள். இதற்குள் ஈரக்கட்டுகளைத் தனியாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கும் ஏற்பாடு வந்திருந்தது. எஸ்.ஆர். எண்ணைப் பார்த்துக் கணினியே தண்ணீரைக் குறைத்துக்கொண்டது. தாள் அறுபடுவது குறைந்திருந்தது.

அவர் வந்த அன்று, இரண்டு மணிக்குச் சற்று முன்பு சைக்கிள் ஷெட் அருகில் பார்த்தேன். கையில் ஒரு உறை. எனக்கும் அன்று காலைதான் ஒரு உறை கொடுத்திருந்தார்கள்.

"உங்களுக்கும் வந்திருக்கா மேடம்? என்ன போட்டிருக்காங்க?"

மறைக்கத் தோன்றியது. மறைக்கவில்லை. அவரே வாங்கிப் படித்தார். தாள் அறுபடுதலைக் குறைத்த புதிய முறைக்காக எனக்குப் பாராட்டு. அவருடையதை நான் படித்தேன். சுற்றறிக்கையை மீறி வால்வை இயக்கியதற்காக அவருக்கு எச்சரிக்கை. இரண்டிலும் கையெழுத்து ஒன்றுதான்.

"நல்லா எழுதியிருக்காங்க," என்று என் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதில் குத்தல் இருந்ததா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

"இது சரியில்லங்க," என்றேன். "நான் போயி ஜி.எம்.கிட்ட பேசுறேன்."

"வேணாம் மேடம். ஷிஃப்டுக்கு நேரமாச்சு."

அவர் பின்னாலேயே கன்ட்ரோல் ரூமுக்குப் போனேன். காலை ஷிஃப்டுக்கு மாறியிருந்த சேகர் எழுந்து இடம் கொடுத்தார். கலியமூர்த்தி உட்காரவில்லை. அறிவிப்புப் பலகைக்குப் போய், சுற்றறிக்கைக்குப் பக்கத்தில், தன் எச்சரிக்கைக் கடிதத்தை விரித்துக் குண்டூசியால் குத்தினார்.

"என்னண்ணே இது? இதப் போயி எல்லாரும் பாக்குற மாதிரி வைக்கிறீங்க?" என்றார் சேகர்.

"நாலாவது வரியப் படி."

சேகர் வாய்விட்டுப் படித்தார். "'தாளின் அதிக ஈரத்தைக் குறைக்கும் நோக்கத்துடன், அனுமதியின்றி...'"

"அதான். எதுக்குத் தொட்டேன்னு போட்டிருக்காங்கல்ல," என்றார் கலியமூர்த்தி. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்து, "ஸ்டீம் எவ்வளவுல ஓடுது?" என்று கேட்டார்.

சேகர் என் பக்கம் திரும்பினார். "மேடம், உங்களுக்கும் லெட்டர் வந்துச்சாமே? அதையும் ஒட்டிடலாமே."

"வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்," என்றேன்.

கடிதம் என் கையில் இருந்த பைக்குள்தான் இருந்தது. அது கலியமூர்த்திக்கும் தெரியும். அவர் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.